போகிப் புகையும் விடியற்கால ஷிஃப்டும்

மார்கழியின் கடைசி நாளில், அதாவது ஜனவரி 13 அல்லது 14ஆம் தேதியில் வரும் போகிப் பண்டிகை, தமிழகத்தின் வட மாவட்டங்களில் விடிவதற்கு முன்பே தெருவில் தொடங்கிவிடுகிறது. பழைய பாய், துடைப்பம், கிழிந்த துணி முதலியவற்றை வாசலில் குவித்துக் கொளுத்துவதும், சிறுவர்கள் போகி மேளம் கொட்டியபடி நெருப்பைச் சுற்றி நிற்பதும், பெண்கள் அதே வாசலில் கோலமிடுவதும் சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. காட்டுத்தீயின் புகை எங்கிருந்தோ காற்றில் மிதந்து வந்து திறந்தவெளி விழாக்களைக் கெடுப்பதைப் பற்றி உலகின் பிற பகுதிகளில் அதிகம் பேசப்படுகிறது. இங்கோ ஒரு விழாவே தன் புகையைத் தானே உண்டாக்கி, அதைக் கொண்டாடுவோரையும் அவ்வழியே வேலைக்குச் செல்வோரையும் ஒருசேரச் சூழ்ந்துகொள்கிறது.

இந்தச் சிக்கல் கூர்மையாக வெளிப்படும் இடங்களில் ஒன்று, இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் வழியாக ஒரகடம் வரை பரவியுள்ள தொழிற்பகுதியாகும். 1990களின் இறுதியில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி என்று பெருந்தொழில்கள் சிப்காட் வளாகங்களில் நிறைந்துவிட்ட இப்பகுதியில், ஆலைகள் ஷிஃப்ட் முறையில் இயங்குகின்றன. காலை ஷிஃப்டுக்குச் செல்வோர் இருட்டிலேயே பேருந்துக்காகச் சாலையோரம் நிற்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்தோர் அதே வேளையில் திரும்ப வேண்டும். ஊரில் பிறந்தவர்கள் போகிக்கு விடுப்பு எடுக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர் பலருக்கு அது விடுமுறையும் அல்ல, ஏன் ஊரெங்கும் புகை மூட்டம் என்பதற்கான காரணமும் தெரிந்திருப்பதில்லை. மேலும் ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் அவதரித்த தலமாதலால், மார்கழி முழுவதும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு விடியற்காலையில் வரும் அடியார்கள் மாத நிறைவு நாளிலும் அதே நேரத்தில்தான் தெருவில் நடக்கின்றனர்.

எரிக்கப்படும் பொருள் முன்பிருந்ததுபோல் இல்லை என்பது முதலில் கவனிக்க வேண்டிய மாற்றம். கோரைப்பாயும் பனையோலையும் பருத்தித் துணியும் எரிந்த காலத்திலும் புகை எழுந்தது. அந்தப் புகையும் நுரையீரலுக்கு நல்லதன்று. ஆனால் இன்றைய குவியலில் பிளாஸ்டிக் பாய், நுரை மெத்தை, தெர்மாகோல், மின்கம்பி, செயற்கை இழைத் துணி ஆகியவற்றுடன் பழைய டயரும் சேர்ந்துவிட்டது. டயர் என்பது பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் செயற்கை ரப்பர், இயற்கை ரப்பர், கரிப்பொடி, கெட்டிப்படுத்துவதற்குச் சேர்க்கப்படும் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எஃகுக் கம்பி ஆகியவற்றின் கூட்டு. இதைத் திறந்தவெளியில் குறைந்த வெப்பத்தில் எரிக்கும்போது கரும்புகையுடன் கந்தக டை ஆக்சைடு, பென்சீன், பியூட்டாடையீன் ஆகிய வாயுக்களும், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் கரிமச் சேர்மங்களும் வெளியேறுகின்றன. இவற்றுள் பென்சீனும் பியூட்டாடையீனும், பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் ஒன்றான பென்சோபைரீனும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. மின்கம்பியின் மேலுறையான பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் உண்டாகின்றன. பனியில் நனைந்த பாயும் துணியும் கொழுந்துவிட்டு எரியாமல் கனன்றுகொண்டே இருப்பதால், எரிதல் முழுமை பெறாமல் புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடுகின்றன என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும்.

இவற்றுள் எல்லாப் புகைகளுக்கும் பொதுவான ஆபத்து, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்கள். இரண்டரை மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுடைய துகள்களை இப்பெயர் குறிக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் என்பதால், இத்துகள்கள் கண்ணுக்குத் தனித்தனியே தெரிவதில்லை. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். இவையோ நுரையீரலின் கடைசிக் கிளைகளான காற்று நுண்ணறைகள் வரை செல்கின்றன, மிகச் சிறியவை அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. எனவேதான் புகை மூட்டத்தின்போது ஆஸ்துமா நோயாளிகளுக்கு இளைப்பு வருவதோடு நில்லாமல், இதயநோய் உள்ளோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பும் கூடுகிறது. குழந்தைகள் தம் உடல் எடையின் விகிதத்தில் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுப்பவர்கள். நெருப்பருகே மேளம் கொட்டித் துள்ளும் சிறுவன் மூச்சிரைக்க இரைக்க உள்ளிழுப்பது அந்தக் காற்றைத்தான்.

புகை ஏன் அன்று மேலெழுந்து கலைந்துவிடுவதில்லை என்பதற்கு விடை மார்கழி இறுதியின் வானிலையில் உள்ளது. வடகிழக்குப் பருவமழை விலகும் காலமாகிய ஜனவரி நடுவில், மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி அடியிலேயே தங்க, அதற்கு மேலுள்ள காற்று ஒப்பீட்டளவில் வெப்பமாக இருக்கிறது. உயரம் கூடக் கூட வெப்பம் குறைய வேண்டிய இயல்பான நிலை இவ்வாறு தலைகீழாவதை வானிலையாளர்கள் வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பர். அந்நேரத்தில் மேல்காற்று பானையின் மேல் கவிழ்த்த மூடியாகிவிட, கீழே எழும் புகை அதைத் தாண்ட முடியாமல் தெரு உயரத்திலேயே பரவுகிறது. செம்பரம்பாக்கம் போன்ற பெரிய ஏரியும் பல சிற்றேரிகளும் மழைக்காலத்து நீருடன் இருக்கும் இப்பகுதியில் காற்றில் ஈரமும் மிகுதி; பனிமூட்டத்தின் நீர்த்திவலைகளும் புகைத்துகள்களும் சேர்ந்து, துகள்கள் ஈரத்தை ஏற்றுப் பருத்து, ஒளியைச் சிதறடிப்பதால் சில மீட்டர் தூரத்திலுள்ள வண்டிகூடத் தெரியாத நிலை ஏற்படுகிறது. 2018ஆம் ஆண்டுப் போகியன்றும் 2024ஆம் ஆண்டுப் போகியன்றும் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்துப் பாதிக்கப்பட்டது இதனால்தான். சூரியன் ஏறித் தரை சூடாகி, கீழ்க்காற்று மேலெழத் தொடங்கியதும் மூட்டம் கலைகிறது; பெரும்பாலும் காலை ஒன்பது, பத்து மணிக்குள் வானம் தெளிந்துவிடும்.

ஆகவே போகிப் புகையின் கேட்டை நாள் கணக்கில் அளக்கக் கூடாது. மணிக் கணக்கில் அளக்க வேண்டும். பொதுமக்கள் கைப்பேசியில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு இங்கே தவறான நிம்மதியைத் தரக்கூடும் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீடு நுண்துகளைப் பொறுத்தவரை கடந்த 24 மணி நேரத்தின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் என்பது பி.எம். 2.5க்கு இந்தியா வகுத்துள்ள 24 மணி நேர வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்ததோ 15 மைக்ரோகிராம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை எண்ணிப் பார்க்கலாம்: முந்தைய நாள் முழுவதும் காற்றில் 40 மைக்ரோகிராம் இருந்து, விடியற்காலை நான்கு மணிக்குக் கொளுத்தத் தொடங்கியதும் அது 400 ஆக உயர்ந்ததென்று கொண்டால், ஆறு மணிக்குப் பார்க்கும் சராசரி 70 மட்டுமே. அது குறியீட்டில் ‘மிதமானது’ என்னும் படியில் விழும்; பார்ப்பவர் சுவாசித்துக்கொண்டிருப்பதோ 400. எட்டு மணிக்குப் புகை கலைந்து பழைய நிலை திரும்பினாலும் சராசரி 100 ஆகி, பிற்பகல் மூன்று மணிக்கும் ‘மோசம்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். அஞ்ச வேண்டிய நேரத்தில் அமைதியும், அமைதியான நேரத்தில் அச்சமும் தரும் இந்த எண்ணைப் போகியன்று நம்பிச் செயல்படுவது தவறு.

இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகையால் பலமுறை பாதிக்கப்பட்ட சிங்கப்பூர் இந்தக் குறையை அனுபவத்தில் உணர்ந்த நாடு. 2013 ஜூன் 21 அன்று அங்கு மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015இல் மூட்டம் வாரக்கணக்கில் நீடித்து, செப்டம்பர் 25 அன்று பள்ளிகள் மூடப்பட்டன, அண்டையிலுள்ள கோலாலம்பூரில் அக்டோபர் மாதம் நடக்கவிருந்த மாரத்தான் ஓட்டம் கைவிடப்பட்டது. இப்போது அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை, மறுநாளைத் திட்டமிடுவதற்கு 24 மணி நேரக் குறியீட்டையும், உடனடியாக வெளியே செல்லலாமா என்று முடிவெடுப்பதற்கு ஒரு மணி நேர நுண்துகள் அளவையும் தனித்தனியே பயன்படுத்தச் சொல்கிறது. ஒரு மணி நேர அளவு 55 வரை இயல்பு, 150ஐத் தாண்டினால் உயர்வு, 250ஐத் தாண்டினால் மிக உயர்வு. இந்தியாவிலும் தானியங்கிக் கண்காணிப்பு நிலையங்களின் மணிவாரி அளவுகள் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. போகியன்று பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

நிலையம் தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒரு எளிய முறை சொல்லப்படுகிறது: தூரத்து மலையோ கட்டடமோ எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு புகையின் அடர்த்தியை மதிப்பிடுவது. வறண்ட காற்றுள்ள அந்நிலத்துக்குப் பொருந்தும் இம்முறை மார்கழிப் பனியில் பொருந்தாது. ஒரகடம் நாற்சந்தியில் எதிர்ச்சாலை தெரியவில்லையென்றால் அது பனியாகவும் இருக்கலாம், புகையாகவும் இருக்கலாம். இங்கு மூக்கும் கண்ணுமே நம்பத்தக்க கருவிகள். பனிக்கு மணமில்லை, அது கண்ணை எரிக்காது. ரப்பர் கருகும் நாற்றமும் தொண்டைக் கரகரப்பும் தோன்றினால் எந்தக் குறியீடும் பார்க்காமல் புகை என்றே கொள்ளலாம்.

முகக்கவசத்தைப் பற்றிய தவறான எண்ணங்கள் ஏராளம். ஈரக் கைக்குட்டையும் துப்பட்டாவும் பெரிய கரித்துகளைத் தடுத்து எரிச்சலைச் சிறிது குறைக்கும். நுண்துகள்கள் அவற்றின் இழைகளுக்கிடையே எளிதில் புகுந்துவிடும். மருத்துவமனையில் அணியும் நீலக் கவசம் கன்னத்தின் இருபுறமும் இடைவெளி விடுவதால் காற்று அவ்வழியே வடிகட்டப்படாமல் நுழைகிறது. என்95 வகைக் கவசம் மிகக் கடினமாகப் பிடிபடும் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். ஆனால் அது முகத்தோடு இறுகப் பொருந்தினால் மட்டுமே. மூக்கின் மேலுள்ள உலோகப் பட்டையை அழுத்திவிட்டு, இரு கைகளாலும் கவசத்தை மூடிக்கொண்டு மூச்சு விட்டுப் பார்க்கையில் ஓரங்களில் காற்று கசியக் கூடாது. அடர்ந்த தாடி இருந்தால் கசியும். வால்வு வைத்த கவசம் தொற்று பரவுவதைத் தடுக்க உதவாவிட்டாலும் புகைக்குப் போதுமானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்தக் கவசமும் அணிவிக்கக் கூடாது. அவர்களை அந்நேரத்தில் வெளியே கொண்டுவராமல் இருப்பதே வழி. என்95 வாயுவைத் தடுக்காது என்பதை இத்தொழிற்பகுதியினருக்கு விளக்குவது எளிது: கார் ஆலையின் பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்வோர் ஆவியைத் தடுக்கும் கரிவடிகட்டி பொருத்திய தனிக் கவசம் அணிவதன் காரணம் அதுவே. டயர்க் குவியலுக்கு அருகில் என்95 அணிந்து நிற்பது பாதுகாப்பு ஆகாது. அங்கிருந்து விலகிக் காற்று வரும் திசைக்குச் செல்வதுதான் பாதுகாப்பு. தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டு இருசக்கர வண்டியில் செல்வோரும் புகையை முழுமையாகச் சுவாசிக்கிறார்கள் என்பதால், அன்று ஒரு நாள் மட்டும் நிறுவனப் பேருந்தில் சன்னலை மூடிக்கொண்டு செல்வது மேல். பெங்களூரு நெடுஞ்சாலையில் கண் மறைக்கும் மூட்டத்தில் வண்டி ஓட்டுவதால் நேரும் விபத்தும் அதனால் தவிர்க்கப்படும்.

வீட்டில் இருப்போர் முந்தைய இரவு படுக்கும்போதே சன்னல்களைச் சாத்தி, கதவின் கீழ் இடைவெளியில் ஈரத்துணி வைத்து, வெளிக்காற்றை உள்ளிழுக்க வழிசெய்யும் எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்திவிட்டு, வெயில் ஏறிய பின் எல்லாவற்றையும் நன்றாகத் திறந்துவிட வேண்டும். மூடிய அறைக்குள் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் ஏற்றினால் வெளியே தடுத்த புகையை உள்ளே உண்டாக்கியதாகிவிடும். குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைப்பது கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து. ஐந்தாறு பேர் ஓர் அறையில் படுத்திருக்கும் தொழிலாளர் குடியிருப்புகளிலும், 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட 18,720 பெண்கள் தங்கக்கூடிய சிப்காட் விடுதி போன்ற பெரிய இடங்களிலும், இதை ஒவ்வொருவரும் தனித்தனியே அறிந்து செய்வது நடவாது. விடுதிப் பொறுப்பாளர்கள் முந்தைய நாள் மாலையே தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அறிவிப்பு ஒட்டினால் நடக்கும்.

ஆஸ்துமா உள்ளோர் இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வெளியே வர வேண்டும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயநோய் உள்ளோரும் கருவுற்ற பெண்களும் விடியற்காலைக் கோயில் தரிசனத்தைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வதில் பக்திக்குக் குறை ஏதுமில்லை. போகியன்று பல வைணவத் தலங்களில் ஆண்டாள் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. அதற்கு வருவோரும் புகை கலைந்தபின் வரலாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்தல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

மற்ற நாட்களில் விழாக்களைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் சென்றால், மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எழுந்தருளும் பழையசீவரத்தை அடையலாம். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்கும் தைக்கிருத்திகைக்கும் கூட்டம் அலைமோதும். பாலாற்றங்கரையிலும் கோயில் வெளியிலும் நடக்கும் இவ்விழாக்களின்போது போகிப் புகை பொதுவாக மறைந்திருக்கும். சித்திரைத் திருவாதிரையை ஒட்டி ஸ்ரீபெரும்புதூரில் இராமானுசருக்கு நடக்கும் உற்சவம் கோடையில் வருவது. அப்போது கவனிக்க வேண்டியது வறண்ட ஏரிக்கரைப் புல்லிலும் குப்பைமேட்டிலும் பற்றும் தீ. 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் புகைந்ததும், 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு ஏறத்தாழ இரண்டு வாரம் எரிந்து, முகக்கவசம் அணியுமாறு நகரத்தாருக்கு அறிவுறுத்த நேர்ந்ததும் அவ்வகைத் தீயின் இயல்பைக் காட்டுகின்றன. அந்நாட்களில் புகை காலையோடு போய்விடாது என்பதால், தொடர்ந்து நீடித்தால் நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பதே முறை. போகி, பொங்கல் நாட்களில் ஊராட்சிகளும் ஆலைகளும் நடத்தும் ஓட்டப்பந்தயம் முதலிய விளையாட்டுகளுக்கோ நேரத்தை மாற்றினாலே போதும். மூச்சு வாங்க ஓடும் போட்டி எதையும் போகியன்று பத்து மணிக்கு முன் தொடங்கக் கூடாது.

புகையிலிருந்து தப்பும் வழிகள் எவ்வளவு சொன்னாலும் அவை இரண்டாம் நிலை ஏற்பாடுகளே. தீர்வு குவியலிலேயே இருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுக்கின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் இதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் விதித்தது. தீபாவளிப் பட்டாசுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் வரையறுத்ததும், தமிழகத்தில் காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்பது பழகிவிட்டது. போகிக்கு அத்தகைய பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. வழக்கத்தை நிறுத்தாமலே கேட்டைப் பெருமளவு குறைக்க முடியும். பழைய ஓலை, கோரை, பருத்தித் துணி இவற்றில் கைப்பிடியளவு மட்டும் அடையாளமாக எரித்துவிட்டு, டயர், பிளாஸ்டிக், மெத்தை, கம்பி ஆகியவற்றைக் காயலான் கடைக்கோ குப்பை வண்டிக்கோ கொடுத்துவிட்டால் புகையின் நச்சில் பெரும்பங்கு எழாமலே போகும். சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் போகிக்கு முன்னரே பழைய பொருட்களை வீடுவீடாக வாங்கிக்கொள்கிறது. 2022ஆம் ஆண்டு விதித்திருத்தத்தின்படி பழைய டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு டயர் உற்பத்தியாளர்களையே சாரும். டயர் உற்பத்தியாகும் இம்மண்ணில், டிசம்பர் இறுதியிலிருந்தே பஞ்சர் கடைகளிலும் ஒர்க்‌ஷாப்களிலும் கிடக்கும் பழைய டயர்களைச் சேகரித்துக் கொண்டுபோக ஆலைகளும் ஊராட்சிகளும் சேர்ந்து ஒரு லாரியை அனுப்புவது பெருஞ்செலவு ஆகாது. மறுநாள் சாம்பலைப் பெருக்கும்போது தண்ணீர் தெளித்து அள்ள வேண்டும். அதை ஏரியில் கொட்டக் கூடாது, செம்பரம்பாக்கத்து நீரைச் சென்னை குடிக்கிறது.

சிப்காட் வளாகங்களின் ஆலை நிர்வாகங்களுக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பகுதி உள்ளாட்சிகளுக்கும் முன்வைக்கப்பட வேண்டிய வேண்டுகோள் இரண்டே: வரும் போகிக்கு ஒரு வாரம் முன்பே டயரையும் பிளாஸ்டிக்கையும் தெருவிலிருந்து எடுத்துவிடுங்கள், அன்று காலை ஷிஃப்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பேருந்துப் படியிலேயே ஒரு என்95 கவசம் கொடுத்து, அதை எப்படி இறுக்கி அணிவது என்பதையும் அங்கேயே காட்டுங்கள்.